பெரட்டு

‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல் இலங்கை மலையகத் தமிழர் நாவில் பெற்ற வடிவம். பிரட்டு என்றும் சொல்வார்கள். காலையில் தோட்டத் தொழிலாளர்களைக் கூட்டி அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பது பெரட்டு, கூடும் இடம் பெரட்டுக்களம்.

பெரட்டுக்கு ஆள் எழுப்ப விடியுமுன் தப்பு என்னும் தோற்பறையை அடித்தார்கள். தீயில் காய்ச்சி விறைப்பேற்றிய தோலின் ஓசை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் லயமாகப் போய்ச் சேர்ந்ததற்கு அடிப்பவரின் கைவலு மட்டும் காரணமல்ல. மலைச்சரிவுகளில், தெளிந்த இரவுகளில் குளிர்காற்று கீழே தங்கும்; அதன்மேல் சற்றே சூடான காற்று. வெப்பம் ஒரு பாகை கூடினால் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். ஒலி எப்போதும் வேகம் குறைந்த பக்கமே வளையும் என்பதால், மேலே போன ஓசை மறுபடி கீழே இறங்கும்.

கடலின் மேலடுக்கிலும் இதே நியதிதான், திசைதான் தலைகீழ். நீர் நன்கு கலந்து ஒரே வெப்பத்தில் இருக்கும்போது, அழுத்தத்தால் ஆழத்தில் வேகம் கூடுகிறது. ஒலி மேல்நோக்கி வளைந்து, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பி, மீண்டும் வளைந்து, அந்த அடுக்குக்குள்ளேயே நெடுந்தொலைவு போகிறது. அதற்குக் கீழே, நீர் சட்டென்று குளிரும் இடத்தில் ஒலி எட்டாத நிழல் விழும்; நீர்மூழ்கிகள் அங்கே ஒளிகின்றன.

தப்பைச் சாவுக்கும் காமன்கூத்துக்கும் மட்டும் உரியதாகக் கருதுவது சரியல்ல. தோட்டத்தின் உழைப்பு நேரத்தை அறிவித்ததும் அதுதான்.