பாலிகார் (சொல்)

பாலிகார் என்பது தமிழகத்தின் பாளையக்காரர்களைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கிய சொல்லாகும். பொலிகார், பாலேகார் எனவும் ஒலிக்கப்படுவதுண்டு. போடிநாயக்கனூர் சமஸ்தானத்தை ஆண்டவர்களும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களில் இப்பெயராலேயே சுட்டப்பட்டனர்.

சொற்பிறப்பு

இதன் வேர் பாளையம் என்னும் சொல். படை தங்கும் இடம், பாசறை என்பது இதன் பொருள். தமிழ் விவிலியத்தில் இசுரவேலர் தங்கிய முகாம் 'பாளயம்' என்றே குறிக்கப்படுகிறது. மதுரை நாயக்கர் ஆட்சியில் 16ஆம் நூற்றாண்டில் நாடு 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டதாகக் கூறுவர். படை திரட்டித் தருவதும் ஊர்க்காவலும் பாளையக்காரரின் கடமைகள். இதன் பின்னர் பாளையம் என்பது நிலப்பகுதியையும் குறிக்கலாயிற்று. போடிக்கு அருகிலுள்ள உத்தமபாளையம் என்ற ஊர்ப்பெயரில் இச்சொல் இன்றும் உள்ளது.

ஆங்கில வடிவம் தமிழிலிருந்து நேரடியாகச் செல்லவில்லை; தெலுங்கின் 'பாலெகாடு' அல்லது மராத்தியின் 'பாலேகார்' வழியாகச் சென்றது என்பது 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதியின் கருத்து. 'க்கார்' என்பது 'கார்' என மெலிந்திருப்பதை நோக்க இது பொருத்தமாகவே தோன்றுகிறது.

பொருள் மாற்றம்

தமிழில் இச்சொல் ஒரு பதவியைக் குறித்தது. ஆங்கிலத்திலோ காட்டுப்பகுதியை ஆண்டு கொள்ளையிடும் குறுநிலத் தலைவன் என்ற இழிபொருள் அதனுடன் ஒட்டிக்கொண்டது. வரி கொடுக்க மறுத்தவர்களை எதிரிகளாகவே கண்ட கம்பெனி அதிகாரிகளின் பார்வை இது. காவலுக்காக ஊரார் பாளையக்காரருக்குச் செலுத்திய காவல் வரியும் அவர்கள் பார்வையில் கொள்ளையாகவே பட்டது. 1799 முதல் 1801 வரை நடந்த போர்களை அவர்கள் 'பாலிகார் போர்கள்' என்றனர். கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். திண்டுக்கல் பகுதியைச் சேர்ந்த விருப்பாட்சி கோபால நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார். இன்றைய தமிழ் நூல்கள் இவற்றைப் பாளையக்காரர் கிளர்ச்சி அல்லது விடுதலைப்போர் என்கின்றன. ஒரே நிகழ்வு, இரு பெயர்கள்.

இராசபாளையம் நாய்க்கும் ஆங்கிலத்தில் 'பாலிகார் நாய்' என்றொரு பெயர் உண்டு.

போடிநாயக்கனூர்

ஏலமலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த இப்பாளையம், திண்டுக்கல் சீமையைச் சேர்ந்தது. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி அச்சீமை திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியின் கைக்கு மாறியது. போடி பின்னர் ஜமீனாக நீடித்தது; பாளையக்காரர் ஜமீன்தார் ஆனார். படை இல்லாத நிலையில் பழைய பெயருக்குப் பொருளில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் ஜமீன்கள் ஒழிக்கப்பட்டன. ஊரிலுள்ள ஜமீன் அரண்மனையில் இராமாயணச் சுவரோவியங்கள் உள்ளன.