சிறுபொருளுக்கு ஒரு காவல்

சிக்கனம், சேமிப்பு என்ற சொற்களைக் கேட்டவுடன், பலகாலும் கேட்ட அறிவுரைதானே என்று நீங்கள் எண்ணக்கூடும். நான் அறிவுரை கூற வரவில்லை. ஒரு வரலாற்றைக் கூற வந்துள்ளேன். குறைந்த வருவாயில் குடும்பம் நடத்திய நம் முன்னோர், மிச்சம் பிடித்த சிறு பணத்தை எங்கே வைத்தார்கள்? அப்பணம் வேண்டிய நாளில் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்ததா? இவ்விரு வினாக்களே என் பேச்சின் பொருள்.

என் ஊர் திருப்போரூர். கந்தசாமி கோயிலால் பெயர் பெற்ற ஊர். கிழக்கே உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும் உள்ளன. அவற்றிற்கு அப்பால் கடற்கரைக் குப்பங்கள். இவ்வட்டாரத்தில் வருவாய் ஆண்டு முழுதும் ஒரே சீராக வருவதன்று. ஏரியை நம்பிய உழவருக்கு அறுவடை நாளில்தான் கையில் காசு. உப்பளத் தொழிலாளிக்கு வெயிற்காலத்தில் கூலி உண்டு. மழை விழுந்தால் அளத்தில் வேலை இல்லை. வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால், மீனவர் மரத்தைக் கரையேற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வயிறோ பருவம் பார்ப்பதில்லை. வரவு வரும் நாளுக்கும் செலவு வரும் நாளுக்கும் இடையே உள்ள பள்ளத்தைச் சேமிப்பு நிரப்ப வேண்டும். இன்றேல் கடன் நிரப்பும்.

என் தந்தையார் சிறு சம்பளக்காரர். நாங்கள் மக்கள் ஐவர். அன்னையார் உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் இடுவார். மாதக் கடைசியில் அந்தப் பிடி அரிசியே எங்களைக் காத்தது. திருவிழாக் கடையில் வாங்கிய மண் உண்டியலில் சில்லறை விழும். 1957ஆம் ஆண்டில் நயா பைசா வந்த பின்பும் அவர் அணாக் கணக்கிலேயே பேசுவார். எங்களுள் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் உண்டியல் உடையும். ஆனால், கந்தசாமிக்கு நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசை மட்டும் எந்த நெருக்கடியிலும் அவர் தொட்டதில்லை. அது சாமி பணம். அன்னையாரிடம் மன உறுதிக்குக் குறைவில்லை என்பதற்கு அந்த முடிச்சே சான்று. முடிச்சுக்கு ஒரு காவல் இருந்தது, உண்டியலுக்கு இல்லை.

வீட்டில் தங்காத பணத்தை அவர் ஏலச்சீட்டில் கட்டினார். இருபது பேர் மாதம் ஐந்து ரூபாய் வீதம் இருபது மாதம் கட்டும் சீட்டு அது. மாதம் நூறு ரூபாய் சேரும். அவசரம் உள்ளவர் பதினைந்து ரூபாய் தள்ளி, எண்பத்தைந்தை எடுத்துக்கொள்வார். தள்ளிய தொகையில் சீட்டு நடத்துபவரின் கழிவு போக, எஞ்சியது எல்லோருக்கும் பங்காகும். முன்னதாக எடுத்தவருக்கு அது கடன். கடைசியில் எடுப்பவருக்குச் சேமிப்பு. தவணை தவறினால் பலர் முன்னிலையில் தலைகுனிய நேரும் என்ற நாணமே அதற்குப் பூட்டு. என் தமக்கையாரின் திருமணத்தை எண்ணி அன்னையார் இறுதி வரை பொறுத்திருந்தார். பதினேழாம் மாதம் கடந்த பின், சீட்டு நடத்தியவர் இரவோடு இரவாக ஊரை விட்டுப் போய்விட்டார். கட்டிய பணம் எழுபது ரூபாய்க்கு மேல். எழுத்தில் ஒரு வரியும் இல்லை. அன்று அன்னையார் அரிசிப் பானையின் அருகே அமர்ந்து வெகுநேரம் பேசாதிருந்தார். தமக்கையாரின் திருமணம் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போயிற்று.

எழுத்தறியாதவர், ஆகவே ஏமாந்தார் என்று அயலார் சிலர் கூறினர். அது சரிதானா என்று அறிய, நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

நாங்கள் நீந்தி விளையாடிய கால்வாயே ஒரு வரலாற்று ஏடு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. அப்போது சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அந்நாளைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு வாய்த்தது. மழை பொய்த்தால் கையிருப்பு இல்லாத குடும்பம் மண்வெட்டியும் கூடையுமாக நிவாரண வேலைக்குச் செல்ல வேண்டியிருந்தது என்பதை அக்கால்வாய் நமக்கு நினைவூட்டுகிறது.

அக்காலத்தில் சிறுபணத்திற்கு இடமே இல்லையா? நகரங்களில் நிதிகள் இருந்தன. மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் பண்டு 1872ஆம் ஆண்டில் தோன்றியது. உறுப்பினர் சேர்க்கும் பணத்தை உறுப்பினருக்கே கடனாகத் தருவது நிதியின் முறை. 1882 ஏப்ரல் முதல் நாளன்று அஞ்சலகச் சேமிப்பு வங்கி தொடங்கிற்று. அதில் இட்ட பணத்திற்கு அரசாங்கமே பொறுப்பு. ஆயினும், நிதி பெரும்பாலும் சம்பளம் வாங்கும் நகரத்தாருக்கே பயன்பட்டது. தபால் நிலையமோ பணத்தை வாங்கி வைக்குமேயன்றி, விதைநெல்லுக்குக் கடன் தராது.

இக்குறையை ஆராயச் சென்னை அரசாங்கம் பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை அமர்த்தியது. அவருடைய அறிக்கை 1895இலும் 1897இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தது. ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் 1864ஆம் ஆண்டில் ஹெட்டஸ்டார்ப் என்னும் ஊரில் அமைத்த கடன் சங்கத்தை அவர் முன்மாதிரியாகக் கொண்டார். ஒருவரையொருவர் நன்கு அறிந்த ஊரார் கூடி, ஒருவர் கடனுக்கு அனைவரும் பொறுப்பேற்று, தம் பணத்தைத் தாமே ஆளுவது அச்சங்கத்தின் நெறி. 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் வேளாண்மைக் கடன் சங்கம் தோன்றிற்று. அக்டோபரில் காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. இரண்டும் அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. இந்தியக் கூட்டுறவு வரலாற்றின் முதல் ஏட்டில் நம் ஜில்லா இடம் பெற்றது நமக்குப் பெருமையே. சீட்டைப் போலவே இங்கும் அண்டை அயலாரே கூடினர். ஆனால், கணக்கு எழுத்தில் இருந்தது. அதைத் தணிக்கை செய்யச் சட்டம் இருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் சென்னை ஒரு பேரிடியைக் கண்டது. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தது. ஆங்கிலேயர் நடத்திய பழம்பெரும் நிறுவனம் என்று நம்பிப் பணம் போட்டவர் பலர்; அவர்களுள் கற்றவரும் உத்தியோகத்தரும் இருந்தனர். நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் ஆர்பத்நாட் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். ஆங்கிலம் கற்றவரும் ஏமாந்தனர் எனில், என் அன்னையாரின் எழுத்தறியாமையை மட்டும் குறைகூறுவது எப்படிப் பொருந்தும்? அவ்வீழ்ச்சியின் படிப்பினையாக, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது.

ஒவ்வொரு காவலும் ஓர் இழப்புக்குப் பின்னரே வந்தது என்பதைக் கவனியுங்கள். 1960ஆம் ஆண்டில் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி வீழ்ந்தது. அதன் பின் 1962 ஜனவரி முதல் வங்கி வைப்புகளுக்குக் காப்பீடு வந்தது. தொடக்கத்தில் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை இருந்த அக்காப்பீடு, 2020இல் ஐந்து இலட்சமாக உயர்த்தப்பட்டது. சீட்டுகளை ஒழுங்குபடுத்தச் சென்னை மாநிலம் 1961இலும், இந்திய நாடாளுமன்றம் 1982இலும் சட்டங்கள் இயற்றின. என் அன்னையார் சீட்டுக் கட்டிய நாளில் சட்டம் ஏட்டில் ஏறியிருந்தது. எங்கள் தெருவுக்குத்தான் வந்து சேரவில்லை.

தெருவுக்கு வந்து சேர்ந்தது பின்னாளில் தோன்றிய மகளிர் சுய உதவிக் குழு. தருமபுரியில் 1989ஆம் ஆண்டில் தொடங்கிய அம்முயற்சி, பின்னர் மாநிலமெங்கும் பரவியது. பத்து முதல் இருபது பெண்கள் கூடி, சிறு தொகை சேர்த்து, நடவடிக்கை ஏட்டில் எழுதி, குழுவின் பெயரால் வங்கியில் கணக்கு வைக்கிறார்கள். சீட்டின் தோழமையும் சங்கத்தின் கணக்கும் இங்கே ஒன்றுகூடின. எழுத்தறியாத பெண்களும் பொதுப்பணத்தைத் திறம்பட ஆள முடியும் என்பதை இக்குழுக்கள் காட்டின.

இதனால் எல்லாம் நலமாகிவிட்டது என்று நான் கூறவில்லை. 1990களில் மிகுந்த வட்டி காட்டிய நிதி நிறுவனங்கள் பல தமிழகத்தில் மூடப்பட்டன. மக்கள் பெரும்பணம் இழந்தனர். ஆசை காட்டுவோர் இக்காலத்தில் கைபேசி வழியாகவும் வருகின்றனர். ஆகவே, வீட்டில் எவரேனும் எங்கேனும் பணம் கட்டப் புறப்பட்டால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இப்பணத்திற்குச் சட்டப்படி பொறுப்பாளி யார்? கட்டியதற்கு எழுத்து உண்டா? கணக்கைத் தணிக்கை செய்வோர் யார்? மூன்றுக்கும் தெளிவான விடை இல்லையெனில், வட்டி எவ்வளவாயினும் வேண்டா என்று சொல்லுங்கள்.

சீட்டு முறிந்த மறு மாதம் அன்னையார் என்னைத் தபால் நிலையத்திற்கு அழைத்துச் சென்றார். படிவத்தை நான் எழுதினேன். அவர் கைநாட்டு வைத்தார். இரண்டு ரூபாயில் கணக்குத் தொடங்கிற்று. வீடு திரும்பியதும் கணக்குப் புத்தகத்தை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு அதை ஒரு மஞ்சள் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். அதன் பின் ஒவ்வொரு மாதமும் படிப்பது என் கடமையாயிற்று. தமக்கையாரின் திருமணத்திற்கு அந்தப் புத்தகத்திலிருந்தே பணம் எடுத்தோம்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டிலும் தாயாரோ பாட்டியாரோ வைத்திருக்கும் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கலாம். இன்று மாலை அதை எடுத்து அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். நீங்கள் கற்ற கல்வி அவர்களுடைய சிறுபொருளுக்குக் காவலாகட்டும்.