சாக்லேட் டார்ட்டுக்குள் ஒரு வரலாற்றுப் பாடம்



இப்போது உங்களில் பலர் வீட்டிலேயே ஓவன் வைத்து இத்தாலியக் கறுப்புச் சாக்லேட் டார்ட் வரை செய்கிறீர்கள். அந்தத் தட்டில் எத்தனை நாடுகளின் கதை இருக்கிறது என்று பார்ப்போமா?

முதலில் அடிப்பகுதி. மைதா, வெண்ணெய், சர்க்கரை, முட்டை சேர்த்துப் பிசையும் அந்த மாவுக்கு இத்தாலியில் 'பாஸ்தா ஃப்ரொல்லா' என்று பெயர். பெல்லெக்ரினோ ஆர்தூசி 1891-இல் வெளியிட்ட சமையல் நூலில் இதற்கு மூன்று செய்முறைகள் உண்டு. இத்தாலி ஒரே நாடாகி அப்போது முப்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

அடுத்து சாக்லேட். கொக்கோ அமெரிக்கக் கண்டத்து மரம். ஸ்பானியர்கள் மெக்சிகோவைப் பிடித்த பிறகுதான் ஐரோப்பாவுக்கு வந்தது. அன்று சிசிலித் தீவு ஸ்பெயின் அரசரின் ஆட்சியில் இருந்தது. அங்குள்ள மோதிக்கா ஊரில், மரபாக நம் அம்மி போன்ற கல்லில் கொக்கோவை அரைத்து, சர்க்கரை கரையாத அளவு இளஞ்சூட்டில் கலப்பார்கள். கடித்தால் சர்க்கரை நறநறக்கும். நம்மூர்ப் பொருள்களுக்குப் புவிசார் குறியீடு கிடைப்பது போல, 2018-இல் மோதிக்கா சாக்லேட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் குறியீடு கிடைத்தது.

வடக்கே டுரின் நகரின் கதை வேறு. 1806-இல் நெப்போலியன் ஆங்கிலேய வணிகத்துக்குத் தடை போட்டார். டுரின் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. கொக்கோ விலை ஏறவே, அருகில் விளையும் ஹேசல் கொட்டையை அரைத்துச் சேர்த்தார்கள் என்பது அவ்வூர் மரபு. அந்தக் கலவைதான் 'ஜாந்தூயா'. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மீண்டும் கொக்கோ தட்டுப்பாடு. ஆல்பா ஊர்க்காரர் பியெத்ரோ ஃபெரேரோ 1946-இல் அதே வழியில் ஒரு இனிப்பு செய்தார். அதன் வழிவந்ததுதான் 1964-இல் வந்த நுட்டெல்லா. பஞ்சத்தில் பிறந்தது பின்னால் பெருமையாகிவிட்டது.

ஆனால் இந்த இனிப்புக்கு விலை கொடுத்தவர்கள் வேறு யாரோ. ஐரோப்பியர் குடித்த சாக்லேட்டின் சர்க்கரையும் கொக்கோவும் பெருமளவு ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் விளைந்தவை. இன்று உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் விளைவது ஐவரி கோஸ்ட், கானா நாடுகளில். அங்கே பள்ளியில் இருக்க வேண்டிய குழந்தைகள் பலர் இன்னும் தோட்டங்களில் வேலை செய்கிறார்கள். ஆசிரியராக இருந்தவனுக்கு இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அதற்காகச் சாப்பிடாதீர்கள் என்று சொல்லவில்லை. மாவைப் பிசைந்ததும் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைப்பீர்கள் அல்லவா? வெண்ணெய் இறுகினால்தான் மாவு மொறுமொறுப்பாக வரும். அந்த அரை மணி நேரத்தில் உங்கள் பிள்ளைகளை அருகில் உட்கார வைத்து, உலக வரைபடத்தில் மெக்சிகோ, சிசிலி, டுரின், கானா நான்கையும் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். வரலாறும் புவியியலும் அங்கேயே முடிந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்