சுட்ட மண்ணின் கணக்கு: விருத்தாசலம் சூளைக் கழிவும் பள்ளிக் கூரைகளும்

2023ஆம் ஆண்டு ஜூன் தொடக்கத்தில் திறந்திருக்க வேண்டிய தமிழகப் பள்ளிகள் வெயிலின் கடுமையால் முதலில் 7ஆம் தேதிக்கும், பிறகு மேல்வகுப்புகளுக்கு 12, தொடக்க வகுப்புகளுக்கு 14 என்றும் தள்ளிப்போயின. அடுத்த ஆண்டு ஜூன் 6 என்றிருந்தது 10 ஆனது. அதே 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்தது. இவற்றை நாம் வானிலைச் செய்திகளாகப் படித்துவிட்டு நகர்ந்தோம். கட்டடச் செய்திகளாகவும் படித்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. கத்திரி முடிந்தும் பிள்ளைகளை உட்காரவைக்க முடியாத வகுப்பறை, கட்டியவர்களும் பராமரிப்பவர்களும் பதில் சொல்ல வேண்டிய பொருள்.

பொதுக் கட்டடங்களில் சிக்கனம் என்றதும் பேச்சு சுவிட்சைச் சுற்றியே நடக்கிறது. அதற்கு நியாயம் உண்டு. பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி மோட்டார் உள்ளது 30 வாட் அளவில் ஓடும். நான்கு விசிறிகள் உள்ள வகுப்பறை நாளுக்கு ஆறு மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் இயங்கினால் இந்த ஒரு மாற்றத்தில் 216 யூனிட் மிச்சம். பத்து வகுப்பறைக்கு 2,160 யூனிட். எல்இடி விளக்குக்கும் இதே போக்கில் கணக்குப் போடலாம். ஆனால் விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, சுழற்றுகிறது. மேல்தளத்து வகுப்பில் பிற்பகல் இரண்டு மணிக்கு அது சுழற்றுவது கூரையிலிருந்து இறங்கிய அனலை. கரண்ட் பில் குறையும். பிள்ளைகளின் புழுக்கம் குறையாது. சிக்கனத்தைக் கூரையிலிருந்து தொடங்க வேண்டும் என்று வாதிடுவதற்கு இதுவே முதற்காரணம்.

கூரை ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. அதில் இரண்டாம் கருத்துக்கே இடமில்லை. ஆனால் கீற்று போன இடத்தில் கான்கிரீட்டும் தகடும் வந்தபோது, தீயிலிருந்து காத்த நாம் வெப்பத்தைக் கணக்கில் வைக்கவில்லை. அதற்கு முன்பே மெட்ராஸ் தளம் போடும் வழக்கமும் மறைந்துவிட்டது. மரத் துலாக்கட்டைமேல் செங்கலைக் குத்துவாட்டில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டோடு பதித்த அந்தத் தளத்தின் தடிமனே ஒரு காப்பு. இன்றைய ஐந்தங்குல கான்கிரீட் பலகைக்கு அந்தத் தாமதிக்கும் குணம் குறைவு. மேலே வெதரிங் கோர்ஸ் என்ற காப்படுக்குப் போட்டிருந்தாலும், தட்டோடு வெடித்த பிறகு அதன்மேல் சிமென்ட் பூசி மூடிவிடுவதே வழக்கம். பூசிய சிமென்ட் ஓரிரு மழைக்காலத்தில் பாசியேறிக் கறுத்துப்போகிறது.

கறுத்த பரப்பு எவ்வளவு வாங்குகிறது? கோடை நண்பகலில் கிடைப்பரப்பின் ஒரு சதுர மீட்டரில் சுமார் 900 வாட் வெயில் விழும். அழுக்கேறிய சிமென்ட் அதில் கால் பங்கைத் திருப்பினாலே அதிகம். வெள்ளைக் கிளேஸ் போட்ட பீங்கான் பரப்பு அறுபது விழுக்காட்டைத் திருப்பும் என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு சதுர மீட்டருக்கு 300 வாட்டுக்குமேல். இருபதுக்கு இருபது அடி வகுப்பறையின் கூரை 37 சதுர மீட்டர். ஆக, அந்தக் கூரை நண்பகலில் கூடுதலாக வாங்கும் வெப்பம் ஏறத்தாழ 11 கிலோவாட். அவ்வளவும் உள்ளே இறங்காது, பெரும்பகுதி காற்றோடு போய்விடும். ஆனால் இறங்கும் ஒரு பகுதி மாலைவரை தளத்திலேயே தங்குகிறது. அதே அறையின் நான்கு விசிறிகளில் நாம் மிச்சம்பிடிக்கப் போராடுவது 180 வாட். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே முதலில் கைவைக்க வேண்டும் என்பது விளங்கும்.

இந்த விவாதத்தை விருத்தாசலத்தில் வைத்து நடத்துவதற்குக் காரணம், கூரையின் தேவையும் அதற்கான பீங்கானும் இங்கே ஒரே ஊரில் இருப்பதுதான். கடற்காற்று எட்டாத உள்நாட்டு ஊர். வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். மணிமுத்தாற்றங்கரையின் இந்தக் கோயிலூரில் செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு நடத்தும் அரசு நிறுவனமும் இருக்கிறது. பொம்மை, அகல், ஜாடி, ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர் என்று இங்குள்ள சூளைகளிலிருந்து வெளிவந்தவை பல. அருகே நெய்வேலி. 1956இல் நிறுவப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோண்டிய மேல்மண்ணில் வெள்ளைக் களிமண் கிடைத்தது. களிமண்ணுக்குக் கீழே கிடக்கும் நிலக்கரியோ அனல்மின் நிலையத்தில் எரிந்து, நம் பள்ளி விசிறியைச் சுழற்றும் மின்சாரமாகிறது. அந்த நிலக்கரியை எடுக்க, அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்தாக வேண்டும். விருத்தாசலத்தில் வீணாகும் ஒரு யூனிட்டுக்குப் பின்னால் மண்ணும் நீரும் கரியும் சேர்ந்தே போகின்றன.

பீங்கான் வேலையில் சுடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு உலகங்கள். வார்ப்பில் வழிந்த களிக்குழம்பு, காயும்போது விரிசல் விட்ட பச்சைப் பொருள் எல்லாம் திரும்பத் தொட்டிக்குள் கரைந்துவிடும். அங்கே வீண் என்பதே குறைவு. சூளைக்குள் போய் 500 டிகிரியைத் தாண்டியதும் களிமண் தன்னுள் பிணைத்திருந்த நீரை இழக்கிறது. அதன்பின் எவ்வளவு ஊறவைத்தாலும் அது களிமண் ஆகாது. பச்சை மண்ணும் சுட்ட மண்ணும் ஒட்டுமா என்று பெரியவர்கள் கேட்பது வேதியியலாகவும் சரி. ஆகவே சூளையிலிருந்து உடைந்து வரும் ஒவ்வொரு துண்டும், முழுப் பொருளுக்குச் செலவான அதே எரிபொருளைத் தின்றுவிட்டு வருகிறது. அதைப் பள்ளத்தில் கொட்டும்போது 1,200 டிகிரிவரை ஏற்றிய வெப்பத்தையும் கொட்டுகிறோம். கழிவு என்ற சொல்லை இங்கே நான் தயங்கியே எழுதுகிறேன்.

ஆனால் உடைசல் எல்லாம் ஒரே பொருளல்ல. பிரிக்காமல் எடுத்தால் எந்த வேலைக்கும் உதவாது. மறுபயன்பாட்டின் உயிரே பிரிப்பதில்தான் இருக்கிறது. முதற்சூட்டில் மட்டும் வெந்து கிளேஸ் ஏறாத பிஸ்கட் துண்டு ஒருவகை. உடைந்த முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் கண்முன்னே குடித்துவிடும். நாக்கில் வைத்தால் பிடித்து இழுக்கும். முழுதும் வெந்த இன்சுலேட்டர் துண்டில் அதே சொட்டு அப்படியே உருண்டு நிற்கும். தட்டினால் ஓசையும் வேறு: முன்னது மந்தமாக, பின்னது கணீரென்று. மூன்றாவது, வெள்ளைக் கிளேஸ் போட்ட கோப்பை, தட்டு, கழிவறைச் சாமான் ஆகியவற்றின் உடைசல். இந்தப் பிரிப்புக்கு எந்திரம் வேண்டியதில்லை. சூளையடியில் வேலை செய்தவர்களுக்குக் கை பட்டதும் தெரியும்.

வெந்த இன்சுலேட்டர் துண்டை உடைத்து ஜல்லிக்குப் பதிலாகப் போடலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஆய்வு நடந்திருக்கிறது. செந்தாமரை, தேவதாஸ் மனோகரன் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, மின் இன்சுலேட்டர் கழிவிலிருந்து செய்த ஜல்லியின் குணங்கள் கான்கிரீட்டுக்கு ஏற்ற வரம்புக்குள் இருப்பதையும், அதில் செய்த கான்கிரீட்டின் வலிமை வழக்கமானதிலிருந்து பெரிதாக விலகவில்லை என்பதையும் காட்டியது. ஆயினும் பள்ளிக் கட்டடத்தின் தூணுக்கும் உத்தரத்துக்கும் இதைப் பரிந்துரைக்க நான் முன்வரமாட்டேன். கிளேஸ் போட்ட வழவழப்பான முகத்தில் சிமென்ட் பிடிப்பது குறைவு. தொகுதிக்குத் தொகுதி தரமும் மாறும். விளையாட்டுத் திடலின் நடைபாதை, சுற்றுச்சுவர் அடித்தளத்துக்குக் கீழான மட்டக் கான்கிரீட் போன்ற சுமை குறைந்த இடங்களில் தொடங்குவதே பொறுப்பான வழி.

பிஸ்கட் துண்டின் வழி வேறு. அரைத்த சுட்ட மண்ணைச் சுண்ணாம்போடு சேர்த்தால் நீருக்கு அடியிலும் இறுகும் என்பதை நம் கொத்தனார்கள் சுருக்கி என்ற பெயரில் அறிந்திருந்தார்கள். 1895இல் முடிந்த முல்லைப்பெரியாறு அணை சுண்ணாம்பு–சுருக்கிக் கலவையில் எழுந்தது. இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. வெள்ளைக் களிமண் 700, 800 டிகிரியில் வெந்த நிலையில்தான் சுண்ணாம்போடு நன்றாக வினைபுரியும். ஆயிரத்தைத் தாண்டிவிட்டால் அதன் அமைப்பு மாறி மந்தமாகிவிடும். ஆகவே குறைந்த சூட்டில் வெந்த பிஸ்கட்டே சுருக்கிக்கு ஏற்றது. கணீரென்று ஒலிக்கும் துண்டை எவ்வளவு அரைத்தாலும் பயன் சொற்பம். இதே அறிவின் புதிய வடிவமே, 2023இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 18189 என்று தரம் வகுத்த சுண்ணாம்புக்கல்–சுட்ட களிமண் சிமென்ட். சாதாரண சிமென்டின் மூலக்கட்டியான கிளிங்கர் 1,450 டிகிரியில் வேக வேண்டும்; இதில் அந்தக் கிளிங்கர் பாதியளவுதான். பீங்கானுக்கு ஆகாத தாழ்தரக் களிமண்ணுக்கும் அதில் இடமுண்டு. பீங்கான் தொழில்நுட்பம் படிக்கும் நம் மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வுக்களம் எனக்குத் தெரியவில்லை.

கூரைக்கு உரியது மூன்றாம் வகை. சைனா மொசைக் என்று கொத்தனார்கள் சொல்லும் வேலை நமக்குப் புதிதல்ல. பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, நீர் போகும் குழாயை நோக்கி வாட்டம் கொடுத்துக் கலவை பரப்பி, ஈரம் காயுமுன் வெள்ளைத் துண்டுகளை முகம் மேலாக நெருக்கிப் பதித்து, மட்டப்பலகையால் தட்டி இறக்கி, சந்துகளில் ஒயிட் சிமென்ட் நிரப்பிக் கழுவ வேண்டும். கைப்பிடிச் சுவரோடு தளம் சேரும் மூலையை உருட்டிவிடாவிட்டால் ஒழுகல் அங்கேதான் தொடங்கும். வெள்ளைப் பெயின்ட் இதைவிட மலிவு, விரைவு. ஆனால் சில ஆண்டுக்கொரு முறை திரும்ப அடிக்க வேண்டும், அதற்கு அரசுப் பள்ளியில் பணம் வருவதில்லை. கிளேஸில் அழுக்கு ஒட்டுவது குறைவு. நல்ல மழையே கழுவிவிடும்.

மறுப்புகள் உண்டு. சிமென்ட் பூச்சைக் கொத்தாமல் அதன்மேல் மொசைக் போட்டால் தளத்தின் பாரம் ஏறும். பழைய கட்டடத்தில் அது ஆபத்து. கூரையில் சூரியத் தகடு வைக்கலாமே என்பார்கள். வைக்கலாம், இடைவெளி விட்டுப் பொருத்திய தகடு தானே நிழலாகும், மொசைக் தேவையில்லை. தகடு எட்டாத கட்டடங்களைப் பற்றியே என் பேச்சு, அவையே மிகுதி. கீழ்த்தளத்து வகுப்புகளுக்கு இதனால் பெரிய மாற்றம் இராது. மிக முக்கியமானது ஈயம். வண்ணக் கிளேஸ் சிலவற்றில் ஈயம் இருக்கக்கூடும். குடிக்கவோ சமைக்கவோ மழைநீர் பிடிக்கும் கூரையில், சோதித்துப் பார்த்த வெள்ளைத் துண்டு தவிர வேறெதுவும் ஏறக் கூடாது. இதில் தளர்வு கூடாது.

அந்தக் கூரை தரும் நீரைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது. அதன் எல்லையையும் கணக்கோடு அறிய வேண்டும். 500 சதுர மீட்டர் கூரை, ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டர், ஐந்தில் ஒரு பங்கு இழப்பு என்றால் கையில் நிற்பது நான்கு லட்சம் லிட்டர். 500 பிள்ளைகளுக்கு 200 நாள் பகிர்ந்தால் தலைக்கு 4 லிட்டர். தேசியக் கட்டட விதிநூல் பகல்நேரப் பள்ளிக்கு வகுத்த அளவோ 45 லிட்டர். குடிக்கவும் சத்துணவு சமைக்கவும் கூரை நீர் போதும், அதுவும் தொட்டி இருந்தால். கழிவறைக்கு அது வராது. அங்கே குழாய்தான் பேச வேண்டிய பொருள். நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் நாளில் 20 லிட்டருக்கு மேல் வீணாக்கும். ரப்பர் வாஷர் தேய்வதாலேயே பெரும்பாலும் ஒழுகுகிறது. அந்த இடத்தில் பீங்கான் வட்டு வைத்த குழாய்கள் சந்தையில் உள்ளன. விலை கூடுதல், ஆயுளும் கூடுதல்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நடக்காததற்குக் காரணம் அறியாமை என்று நான் கருதவில்லை. கட்டடம் கட்டும் நிதி ஒரு கணக்கு, மின்கட்டணம் ஒரு கணக்கு, பழுதுபார்ப்பு இன்னொரு கணக்கு. கூரையில் செலவிடுபவருக்கு மின்கட்டணத்தில் மிச்சமாவது தெரிவதில்லை. சட்டமும் இந்தப் பள்ளிகளை எட்டவில்லை. 2017ஆம் ஆண்டின் ஆற்றல் சிக்கனக் கட்டட விதிநூல் தட்டையான கூரைக்கு 0.6 எதிரொளிப்பாவது வேண்டும் என்கிறது. ஆனால் அது 100 கிலோவாட் இணைப்புச் சுமைக்கு மேற்பட்ட வணிகக் கட்டடங்களுக்கானது. பத்து வகுப்பறை கொண்ட பள்ளி சில கிலோவாட்டில் ஓடுகிறது. குறைவாக மின்சாரம் செலவழிப்பதாலேயே வெப்பத்திலிருந்து காக்கும் விதி அதற்குக் கிடைக்காமல் போகிறது. இந்த அநீதியைச் சுட்டாமல் சிக்கனத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது தகாது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக் கொள்கையை அறிவித்தபோது அரசுக் கட்டடங்களைப் பரப்பளவு பாராமல் உள்ளே கொண்டுவந்தது. தமிழகத்துக்கும் அதுவே வழி.

விருத்தாசலத்தில் செய்யக்கூடியதைத் திட்டமாகவே சொல்கிறேன். தொழிற்பேட்டையில் உடைசலை மூன்றாகப் பிரித்துக் கொட்ட ஓர் இடம் வேண்டும். வெள்ளைத் துண்டின் ஈயச் சோதனையும் எதிரொளிப்பு அளவீடும் பீங்கான் தொழில்நுட்ப நிறுவனத்தின் பொறுப்பாகட்டும். மாணவர்களுக்கு அது செய்முறைப் பாடமும் ஆகும். பொதுப்பணித் துறை விலைப்பட்டியலில் பொறுக்கிய பீங்கான் துண்டுக்குத் தனி விலையோடு ஒரு வரி சேர வேண்டும். அந்த வரி இல்லாமல் எந்தப் பொறியாளரும் எஸ்டிமேட் போட முடியாது. பிறகு, ஒரே அமைப்புள்ள இரண்டு வகுப்பறைகளை எடுத்து ஒன்றுக்கு மொசைக் போட்டு, மற்றதை அப்படியே விட்டு, இரண்டின் கூரை அடியிலும் வெப்பமானி பொருத்தி ஜூன் தொடங்கி மறு ஏப்ரல்வரை பதிய வேண்டும். அந்தப் பதிவேட்டை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே எழுதலாம்.