சாமி காத்த காடும் ஆள் வளர்த்த காடும்

எங்கள் பென்னலூரில் தொழிற்சாலை ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களிடம் காடு பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால் ஏற்காடு, கொல்லிமலை, வால்பாறை என்று அடுக்குவார்கள். எல்லாம் மலை. கடலை ஒட்டியும் நமக்கொரு பசுமைமாறாக் காடு இருப்பது யார் கணக்கிலும் வருவதில்லை. ஒரகடம், சிங்கப்பெருமாள்கோவில் வழியாகத் திண்டிவனம் போய், மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே திரும்பினால் அந்தக் காட்டை இரண்டு விதமாகப் பார்க்கலாம்: புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில் காடாக ஒருமுறை, ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் காடாக மறுமுறை.

இரண்டும் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காட்டு வகை. சைலண்ட் வேலி மாதிரி உயர்ந்த மழைக்காட்டை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு ஏமாற்றம்தான். மரங்கள் நாற்பதடியைத் தாண்டுவது அபூர்வம். மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அதன்பின் பல மாதம் காய்ச்சல். அப்படியும் இலை உதிராது. தடித்த, சின்ன இலைகள் நீரை விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொள்ளும். சோழமண்டலக் கரை நெடுகப் பரவியிருந்த இந்தக் காடு வயலுக்கும் விறகுக்கும் போய், பெரும்பாலும் கோயில்களைச் சுற்றித் துண்டு துண்டாக மிஞ்சியது.

அப்படி மிஞ்சிய துண்டுகளில் ஒன்று புத்துப்பட்டு. வெட்டக்கூடாது, சுள்ளிகூட எடுக்கக்கூடாது என்ற பயம் செய்த வேலை. ஆடி மாதக் கூட்டம், பொங்கல் புகை, வண்டிகள், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கடந்து உள்ளே போனால்தான் காடு தன் முகத்தைக் காட்டும். பாலை, வீரை, காசா, கருங்காலி என்று மரங்கள் தோளோடு தோள் உரச, அவற்றின் மேல் முறுக்கிக்கொண்டு ஏறும் கொடிகள். உச்சி வெயிலிலும் தரையில் வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத்தான் விழும். நடைபாதை என்று பெரிதாக ஒன்றுமில்லை, குனிந்துதான் போகவேண்டும். காலடியில் பல தலைமுறை இலைகள் மக்கிய மண். அந்த மண்ணை எந்த நர்சரியும் விற்காது.

பிச்சாண்டிக்குளம் இதற்கு நேர்மாறாகத் தொடங்கியது. 1968இல் ஆரோவில் உருவானபோது அந்த மேட்டு நிலம் மழை அரித்துச் சிவந்த பொட்டல். ஓடைகள் செம்மண்ணைக் கடலில் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தன. 1973இல் ஆரோவில்காரரான ஜாஸ் புரூக்ஸ் இங்கே காடு வளர்க்கும் வேலையைத் தொடங்கினார். ஆரோவில்காரர்கள் மரம் நட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அவர்கள் கரை போட்ட கதைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மழைநீர் ஓடாமல் நிற்க வரப்பு கட்டி, அதன்பிறகே நட்டார்கள். சுற்றியுள்ள கிராமத்து ஆட்களின் மண்வெட்டி வேலை அதில் எவ்வளவு என்பதைப் பாராட்டுரைகள் அவ்வளவாகச் சொல்வதில்லை. முதலில் நிழலுக்காகக் கத்திச் சவுக்கு மாதிரி சீக்கிரம் வளரும் வெளிநாட்டு மரங்கள். அவற்றின் அடியில் மெல்ல நாட்டு மரங்கள். விதை? கோயில் காடுகளில் பொறுக்கியதுதான். இங்கே பாதை ஒழுங்காக இருக்கிறது, மூலிகைகளைத் தெரிந்துகொள்ளலாம், குழந்தைகளோடு நடக்கலாம். ஆனால் காடு இன்னும் இளசு. கொடிகள் மரத்தைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருக்கின்றன.

2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல் ஆரோவில்லுக்கு ஒரு தேர்வு வைத்தது. கத்திச் சவுக்குகள் ஏராளமாகச் சாய்ந்தன. நாட்டு மரங்கள் அவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன.

அழகுக்கு என் ஓட்டு புத்துப்பட்டுக்கு. பென்னலூர்க்காரருக்குப் பயன் என்று பார்த்தால் பிச்சாண்டிக்குளம். நம் பக்கத்துத் தொழிற்சாலை வாசல்களில் புல்வெளியும் அலங்காரப் பனையும் வைத்து லாரித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். வேரூன்றியபின் தண்ணீர் கேட்காத வீரையும் பாலையும் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வளரமுடியாதா? வளரும். வரப்பு கட்டவும், முதல் சில ஆண்டுகள் பொறுக்கவும் ஆள் வேண்டும். ஐயனார் காட்டுக்கு இந்தப் பொறுமைகூடத் தேவைப்படவில்லை, கை வைக்காமல் இருந்ததே போதுமாயிற்று. நிலத்தைப் பொட்டலாக்கிவிட்ட நமக்கு அந்த வசதி இனிக் கிடைக்காது.

இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதானால் காலையில் புத்துப்பட்டு. கூட்டம் சேருமுன் போய்விடலாம். மூலத்தைப் பார்த்த கண்ணுக்கு மதியம் நகலில் என்ன குறை, என்ன நிறை என்று தானே பிடிபடும். பிச்சாண்டிக்குளத்துக்கு முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது.