அலிப்பூர் வழக்கும் தோலை அழிக்கும் அணுக்களும்

கல்கத்தாவில் குடியேறிய தமிழர்க்கு அலிப்பூர் புதிய இடமன்று. லேக் மார்க்கெட்டுப் பக்கத்தில் வாழ்வோர் காளிகாட்டைக் கடந்து, ஆதி கங்கையின் பாலத்தைத் தாண்டினால் அலிப்பூர் வந்துவிடும். ஊரிலிருந்து உறவினர் வந்தால் மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துச் செல்கிறோம். நூல்களில் நாட்டமுள்ளோர் பெல்வடீர் மாளிகைத் தோட்டத்திலுள்ள தேசிய நூலகத்தை நாடுகின்றனர். வரலாற்றில் ஈடுபாடுடையோர்க்கு 1908-ஆம் ஆண்டு வெடிகுண்டு வழக்கு நினைவில் எழும். சித்தரஞ்சன் தாஸ் வாதாடிய அவ்வழக்கில் 1909-இல் விடுதலை பெற்ற அரவிந்தர், மறு ஆண்டே நம் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார்.

அந்த அலிப்பூரின் நீதிமன்றத்தில், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, வேறு வகையான வழக்கொன்று நடந்தது. இதிலே வெடிகுண்டு இல்லை. ஆயினும் ஓர் உயிர் போயிருந்தது.

அமெரிக்காவில் வாழ்ந்துவந்த அனுராதா சாகா என்னும் பெண்மணி 1998-ஆம் ஆண்டு விடுமுறைக்காகக் கல்கத்தா வந்தார். ஏப்ரல் மாத இறுதியில் அவருக்குக் காய்ச்சலும் தோலில் தடிப்பும் கண்டன. மே மாதத்தில் நோய் முற்றவே தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தோல் உரியத் தொடங்கியது. பின்னர் விமானத்தில் பம்பாய்க்குக் கொண்டு செல்லப்பட்டும் பயனின்றி மே 28-ஆம் நாள் உயிர் நீத்தார். அவருடைய கணவர் குணால் சாகாவும் ஒரு மருத்துவரே.

நோயின் வரலாறு பழையது. 1922-இல் நியூயார்க்கில் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரு மருத்துவர்கள், காய்ச்சலும் வாய்ப்புண்ணும் கண் அழற்சியும் தோலில் தடிப்பும் ஒருங்கே கண்ட இரு சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள். 1956-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆலன் லயல், கொதிநீர் கொட்டியது போலத் தோல் கழன்றுவரும் நால்வரை விவரித்தார். இரத்தத்தில் ஏதோ நஞ்சு ஓடுகிறது என்பது அவர் கருத்து. உடலில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாகத் தோல் கழன்றால் முன்னவர் இருவர் பெயராலும், பத்தில் மூன்று பங்குக்கு மேற்பட்டால் லயல் கண்ட நோய் என்றும் இன்று வகைப்படுத்துகின்றனர். பெரும்பாலும் இதைத் தூண்டுவது ஏதேனும் ஒரு மருந்து: சல்பா மருந்துகள், வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபீன், பெனிடாயின், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் முதலியன. மருந்து தொடங்கிய நாலைந்து நாள் முதல் நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் தலைகாட்டும்.

நஞ்சு ஓடுகிறது என்று லயல் கருதினார் அல்லவா? தேடிப் பார்த்தபோது கொலையாளி வெளியிலிருந்து வந்தவன் அல்லன் என்பது தெரிந்தது. அவன் உடலின் காவற்படையைச் சேர்ந்தவனே!

நம் ஒவ்வோர் உயிரணுவும் தன் மேற்புறத்தில் ஒரு சிறு தட்டை ஏந்தி, உள்ளே இருப்பதைக் காட்டிக்கொண்டிருக்கிறது. டி-அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்கள் அதைப் பார்த்துச் செல்லும். கிருமி புகுந்த அணுவைக் கண்டால் அதைக் கொல்வது அவற்றின் கடமை. சிலருடைய உடலில் குறிப்பிட்ட மருந்து அந்தத் தட்டோடு ஒட்டிக்கொள்ள, நலமான தோலணுவும் பகைவனாகத் தோற்றமளிக்கிறது. டி-அணு அதை அணுகி, பெர்போரின் என்ற புரதத்தால் துளையிட்டு, கிரான்சைம் என்ற நொதியை உட்செலுத்துகிறது. தோலணு தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறது.

இங்கே ஒரு புதிர் இருந்தது. தோலை நுண்ணோக்கியில் பார்த்தால் தாக்கும் அணுக்கள் சிலவே; மடிந்த தோலணுக்களோ எண்ணிறந்தவை. சிலர் எவ்வாறு இத்தனை பேரை வீழ்த்தினர்? 2008-இல் தைவான் ஆய்வாளர்கள் நோயாளிகளின் கொப்புளநீரைச் சோதித்தனர். அதில் கிரானுலைசின் என்னும் புரதம் மிகுதியாகக் கலந்திருந்தது. டி-அணுக்கள் அதை வெளியே உமிழ்கின்றன. தொடாமலேயே அது கொல்கிறது. எலியின் தோலில் அதைச் செலுத்தியபோது அங்கும் கொப்புளம் எழுந்தது. லயல் சொன்ன நஞ்சு ஒரு வகையில் உண்மையே. ஆனால் அதைச் சுரப்பது நம் உடலே.

இதை மனத்திற்கொண்டு அலிப்பூருக்குத் திரும்புவோம். ஸ்டீராய்டு மருந்து சீறும் காவற்படையை அடக்கும் என்பது மருத்துவர்களின் நம்பிக்கை. அதில் நியாயமும் உண்டு. ஆனால் தோல் இழந்தவரின் உடல் கதவில்லாத வீடு. கிருமிகள் எளிதில் நுழையும். அவற்றை எதிர்க்கும் அணுக்களையும் அம்மருந்து அடக்கிவிடுகிறது. அனுராதாவுக்கு எழுதித் தரப்பட்டது டெப்போமெட்ரால்: உடலில் மெல்லக் கரைந்து நெடுநாள் தங்கும் ஊசி மருந்து. அளவு, 80 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இருமுறை. ஓரிரு வார இடைவெளியில் 40 முதல் 120 மில்லிகிராம் வரை என்பதே தயாரிப்பாளர் வகுத்த அளவு.

2002-இல் அலிப்பூர் நீதிமன்றம் இரு மருத்துவர்களுக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்து, மற்றொருவரை விடுவித்தது. 2004-இல் உயர் நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. 2009-இல் உச்ச நீதிமன்றம், குற்றவியல் குற்றம் இல்லை, ஆனால் சிகிச்சையில் கவனக்குறைவு உண்டு எனக் கண்டது. 2013-இல் அதே நீதிமன்றம் ஏறத்தாழ ஆறு கோடி ரூபாய் இழப்பீடும் வட்டியும் வழங்க ஆணையிட்டது. இந்திய மருத்துவ வழக்குகளில் அதுவரை கண்டிராத தொகை அது. ஒரு மருத்துவரைச் சிறைக்கு அனுப்புவதற்கும் அவர் தவறினார் என்று சொல்வதற்கும் இடையே நீதிமன்றம் வகுத்த வேறுபாடு, என் எண்ணத்தில், அத்தொகையினும் முக்கியமானது.

மருந்து எல்லோரையும் தாக்காமல் சிலரை மட்டும் தாக்குவது ஏன்? அந்தத் தட்டு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. பெற்றோரிடமிருந்து வருவது அது. தைவானில் 2004-இல் வெளியான ஆய்வில், கார்பமசெபீனால் இந்நோய் கண்ட 44 சீன இனத்தவரிடமும் ஒரே வகைத் தட்டு இருந்தது. இந்திய நோயாளிகளிடமும் அத்தொடர்பு காணப்பட்டதை 2009-இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. ஆசிய வழியினர்க்கு இம்மருந்தைத் தருமுன் அத்தட்டைச் சோதிக்குமாறு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2007-இலேயே அறிவுறுத்திவிட்டது.

வேற்றூரில் வாழும் நமக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. வீடு மாறும்போதெல்லாம் மருத்துவரும் மாறுகிறார். முன்பு எந்த மாத்திரை ஒவ்வவில்லை என்பதை வங்காளியிலோ இந்தியிலோ சொல்லத் திணறுகிறோம். மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்திருந்தால் அச்சீட்டே பேசும்.

2024-இல் ஜெர்மனியின் மியூனிக் நகர ஆய்வாளர்கள், நோயுற்ற தோலின் அணுக்களைத் தனித்தனியே பிரித்து அவற்றின் புரதங்களை எண்ணிப் பார்த்தனர். ஜேக் என்ற ஏவல் வழி அங்கே மிகையாக இயங்கக் கண்டனர். அதைத் தடுக்கும் மருந்து ஏழு நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. எழுவரும் பிழைத்தனர்.