கடலில் நின்றுபோகும் எஞ்சின்: முதலில் எரிபொருள் வழியைப் பாருங்கள்

கரையில் கயிற்றை ஒருமுறை இழுத்ததும் இயங்கிய எஞ்சின், வலை விடும் இடத்துக்குப் போனதும் இருமி நின்றுவிடுகிறது. எஞ்சின் நின்ற பைபர் படகு, காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் போகும். கச்சதீவுப் பக்கமென்றால் கடல் எல்லைக்கோடும் தூரத்தில் இல்லை. பழைய டூ ஸ்ட்ரோக் வெளியிணைப்பு இயந்திரங்களில் இப்படி நிற்பதற்குப் பெரும்பாலும் எரிபொருள் வழிதான் காரணம். அதைக் கரையிலேயே கண்டுபிடிக்கலாம்.

தாங்கியின் மூடியிலுள்ள காற்றுத் திருகாணியை முதலில் பாருங்கள். அது மூடியிருந்தால் சிறிது நேரம் ஓடியபின் எரிபொருள் வராது. எரிபொருள் குழாயின் நடுவிலுள்ள றப்பர் பந்து நிறையச் செய்தி சொல்லும். எஞ்சின் ஓடும்போது அது சப்பையானால் தாங்கிப் பக்கம் அடைப்பு. எவ்வளவு அமுக்கினாலும் இறுகாவிட்டால் குழாயில் காற்று புகுகிறது, அல்லது பந்தின் வால்வு பழுது. பந்தை அமுக்கிக்கொண்டிருந்தால் மட்டும் எஞ்சின் ஓடுகிறதா? எரிபொருள் பம்பின் உள்ளிருக்கும் மெல்லிய தகட்டைச் சந்தேகியுங்கள். பந்தை மாற்றும்போது அதிலுள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்கியிருக்க வேண்டும்.

தண்ணீர் கலந்திருக்கிறதா என்றறிய, தாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் போத்தலில் விட்டு வையுங்கள். பெற்றோலும் மண்ணெண்ணெயும் மேலே நிற்க, தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறிய பிறகு, அடியில் கிடக்கும் கசட்டு எண்ணெயைக் கொட்ட யாருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் அதைவிட பிஸ்டன் விலை கூட.

மெதுவாக ஓடும்போது சரி, வேகம் கூட்டினால் அணைகிறது என்றால் பில்டரோ காபரேற்றரின் பெரிய ஜெற்றோ அடைத்திருக்கும். சோக்கை இழுத்தால் மட்டுமே ஓடினாலும் எரிபொருள் போதவில்லை என்றுதான் அர்த்தம். ஜெற்றைக் கம்பியால் குத்தவே வேண்டாம். பித்தளைத் துளை பெருத்துவிடும். காற்றடித்துப் பாருங்கள், முடியாவிட்டால் மெல்லிய தங்கூசி நூல் போதும். கழற்றுமுன் பிளக் வயரை எடுத்துவிடுங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது.

இந்த எஞ்சின்களைத் தட்டித் தட்டி ஓட்டி வீடு சேர்வதுதான் ஆபத்து. ஒயில் எரிபொருளோடு கலந்தே உள்ளே போகிறது. எரிபொருள் குறைந்தால் ஒயிலும் குறையும். பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். பிறகு போத்தலும் ஜெற்றும் பார்த்துப் பயனில்லை.

மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்திருப்பவர்கள் நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் விடியற்காலை எவ்வளவு இழுத்தாலும் பிளக் நனைவதுதான் மிச்சம்.

வாடைக் காலத்தில் படகைக் கரையேற்றிவிட்டு வாரக்கணக்கில் விடுபவர்கள், எரிபொருள் குழாயைக் கழற்றி, காபரேற்றரில் மிஞ்சியதை வடித்துவிட வேண்டும். தங்கிய பெற்றோல் காய்ந்து பிசினாகி ஜெற்றை அடைக்கும். மீண்டும் இறங்கும் முதல் நாள், கரையோரமாக அரைமணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். மாற்றுப் பிளக், அதைக் கழற்றும் சாவி, துடுப்பு மூன்றும் படகில் இருக்கட்டும்.